சர்வர் டவுனா? எந்த சர்வர்ங்க?

கடந்த இருபது வருஷத்துல தமிழ்நாட்டோட கடைக்கோடி வரைக்கும் போய்ச் சேர்ந்த கம்ப்யூட்டர் வார்த்தை எதுன்னு கேட்டா, கண்ணை மூடிக்கிட்டு சொல்வேன்: "சர்வர் டவுன்". மவுஸ் தெரியாதவங்களுக்கும் இது தெரியும். ரேஷன் கடை, பேங்க், ரயில் டிக்கெட், பட்டா, சான்றிதழ், எங்க போனாலும் இதான் பல்லவி. சொல்றவங்களும் மழை வந்துச்சு, கரண்ட் போச்சுங்கற மாதிரி சர்வ சாதாரணமா சொல்றாங்க. கேக்குறவங்களும் வானத்தைப் பார்த்துட்டு வீட்டுக்குக் கிளம்பிடறாங்க.

எனக்கு எரிச்சல் வர்றது இந்த இடத்துலதான். மழைக்கு முகவரி கிடையாது மக்களே. சர்வருக்கு உண்டு. எது விழுந்துச்சு, ஏன் விழுந்துச்சு, யார் எந்த வரியில என்ன எண்ணைப் போட்டதால விழுந்துச்சுன்னு துல்லியமா சொல்ல முடியும். சொல்ல முடியுற ஒரு விஷயத்தை விதி மாதிரி பேசுறது ஏமாத்து வேலை. அந்த ஏமாத்து வேலையில பொட்டி தட்டுற நம்ம சாதிக்கும் பெரிய பங்கு இருக்கு. இந்தப் பதிவு அதைப் பத்திதான். கொஞ்சம் நீளம், ஆணி அதிகம் இருக்கறவங்க ராத்திரி வந்து படிங்க.

யாருக்கு நஷ்டம்னு முதல்ல பார்த்துடுவோம். பெங்களூர்ல உக்காந்து தட்கல் போடுறவருக்குன்னா பரவாயில்ல, பஸ்ஸுல போயிடுவார். போளூர் பக்கம் வாங்க. ஜவ்வாது மலையில ஜமுனாமரத்தூரைத் தாண்டி ஒரு சின்ன ஊர்ல இருந்து ஒருத்தர் பொண்ணோட காலேஜ் அட்மிஷனுக்கு சாதிச் சான்றிதழ் வேணும்னு மலை இறங்கி வர்றார்னு வைங்க. அன்னிக்குக் கூலி போச்சு, பஸ் காசு போச்சு. வரிசையில நின்னு அவர் முறை வர்றப்ப பதில் ரெண்டே வார்த்தை. நாளைக்கு வாங்க. நாளைக்கும் அதே ரெண்டு வார்த்தைன்னா மூணாவது நாள் அவர் ஒரு புரோக்கரைத் தேடிப் போவார். இதே ஜவ்வாது மலையில காவலூர்ல 1986ல இருந்து 2.3 மீட்டர் தொலைநோக்கி நட்சத்திரம் பார்த்துக்கிட்டு இருக்கு. மலை மேல அவ்வளவு பெரிய அறிவியலைக் கொண்டுபோய் வச்ச நாட்டுக்கு, மலையடிவாரத்துல ஒரு பக்கத்தை ஒழுங்கா திறந்து காட்டத் தெரியலைன்னா நம்ப முடியுதா? தெரியாம இல்ல. யாரும் "எந்த சர்வர்?"னு திருப்பிக் கேட்டதில்ல, அவ்வளவுதான்.

ஓட்டலும் சமையல்கட்டும்

நம்ம ஊர்ல சர்வர்னா முதல்ல ஞாபகம் வர்றது ஓட்டல் சர்வர்தான். 1964ல நாகேஷ் சர்வர் சுந்தரமா வந்தப்ப இன்னொரு வகை சர்வர் இருக்குன்னு இங்க எவருக்கும் தெரியாது. ஆனா அந்தச் சர்வரை வச்சே இந்தச் சர்வரை முழுசா விளக்கிடலாம்.

போளூர் பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு சாதாரண ஓட்டல். நீங்க உக்காந்ததும் சர்வர் வர்றார். தண்ணி, இலை, சட்னி, சாம்பார், தட்டுல அடுக்கி வச்ச வடை. இதுக்கெல்லாம் அவர் உள்ள போகவே வேண்டாம், கையில இருக்கு, வச்சுட்டுப் போயிட்டே இருப்பார். ரவா தோசைன்னு சொன்னா மட்டும் உள்ள குரல் கொடுப்பார். உள்ள மாஸ்டர் கல்லுல ஊத்தி, எடுத்து, தட்டுல தள்ளினா சர்வர் கொண்டு வந்து வைப்பார். நீங்க மாஸ்டரைப் பார்த்ததே இல்ல. மாஸ்டரும் உங்களைப் பார்த்ததில்ல.

வெப் சர்வர்ங்கறது அந்தச் சர்வர். அப்பாச்சி, என்ஜின்எக்ஸ் எல்லாம் இந்த ஜாதி. படம், சிஎஸ்எஸ், ஜாவாஸ்கிரிப்ட், மாறாத பக்கங்கள்: இதெல்லாம் வடை. தட்டுல இருக்கு, உடனே வைக்கலாம். சர்வ்லெட் கன்டெய்னர்ங்கறது சமையல்கட்டு. டாம்கேட், ஜெட்டி எல்லாம் இது. உங்க பேருக்கு, உங்க சர்வே நம்பருக்கு, உங்க பதிவெண்ணுக்குன்னு அந்த நேரத்துல சுட்டுத் தர வேண்டிய தோசை எல்லாம் இங்கதான் தயாராகுது. சர்வ்லெட்ங்கறது தோசையோட பக்குவம், ஒண்ணே ஒண்ணுதான். அடுப்புல இருக்கற கல்லுங்கதான் த்ரெட். ஒரே பக்குவத்தை வச்சு ஒரே நேரத்துல 200 கல்லுல தோசை சுடலாம். (இதைப் புரிஞ்சுக்காம ஒரு ஆளோட விவரத்தை சர்வ்லெட்டோட பொது மாறியில போட்டு வைக்கிற புண்ணியவான்கள் உண்டு. அப்போ முருகன் கேட்ட சான்றிதழ்ல மாரியோட பேர் வரும்.)

பிரவுசர்ல இருந்து வர்ற வேண்டுகோளை முதல்ல வாங்குறது வெப் சர்வர். எச்டிடிபிஎஸ் பூட்டைத் திறக்கும், முகவரியைப் படிக்கும். வடையா இருந்தா தானே கொடுத்துடும். தோசையா இருந்தா டாம்கேட்டோட 8080 வாசல் வழியா எச்டிடிபிலயோ, 8009 வாசல் வழியா ஏஜேபிங்கற சுருக்கெழுத்துலயோ உள்ள தள்ளும். அங்க கனெக்டர்னு ஒருத்தர் அதை வாங்கி, காலியா இருக்கற ஒரு த்ரெட்கிட்ட கொடுப்பார். எந்த அப்ளிகேஷன், எந்த ஃபில்டர், எந்த சர்வ்லெட்னு பார்த்து வேலை நடக்கும். பதில் வந்த வழியே திரும்பும்.

ஆக ஒரு சர்வர் இல்ல, ரெண்டு. பின்னாடி டேட்டாபேஸையும் சேர்த்தா மூணு. "சர்வர் டவுன்"னு சொல்றவர் இதுல எதைச் சொல்றார்? அவருக்கும் தெரியாது.

ஏன் ரெண்டு?

90களில் சிஜிஐன்னு ஒரு முறை இருந்துச்சு. ஒவ்வொரு வேண்டுகோளுக்கும் ஒரு புது புராசஸ் பொறக்கும், வேலை முடிஞ்சதும் சாகும். ஒவ்வொரு தோசைக்கும் புதுசா அடுப்பு கட்டி, சுட்டு முடிச்சதும் அடுப்பை இடிக்கிற மாதிரி. சர்வ்லெட் வந்து, அடுப்பு அணையாம எரியட்டும், கல்லு சூடாவே இருக்கட்டும்னு சொல்லுச்சு. அப்பாச்சிக்குப் பின்னாடி ஜாவாவை மாட்ட ஜேசர்வ்னு ஒண்ணு செஞ்சாங்க. ஏஜேபிங்கற பேரே அப்பாச்சி ஜேசர்வ் புரோட்டகால்தான். அப்புறம் சன் நிறுவனத்துல ஜேம்ஸ் டங்கன் டேவிட்சன் எழுதினதை 1999ல அப்பாச்சி அமைப்புக்குக் கொடுத்தாங்க, டாம்கேட் பொறந்தது.

அன்னிக்கு டாம்கேட்டுக்கு நேரடியா எச்டிடிபி பேசுறது அவ்வளவு சுகப்படாது. வடை வைக்கறது அதுக்குப் பெரிய பாரம். அதனால முன்னாடி அப்பாச்சியை நிறுத்துனாங்க. யூனிக்ஸ்ல 1024க்குக் கீழ இருக்கற வாசலைத் திறக்க ரூட் அதிகாரம் வேணும், டாம்கேட்டை ரூட்டா ஓட்டுறது ஆபத்து. இதுவும் ஒரு காரணம். ரெண்டுமே நியாயமான காரணங்கள்.

அப்புறம் டாம்கேட் வளர்ந்துச்சு, அதோட எச்டிடிபி கனெக்டர் நல்லாவே பேச ஆரம்பிச்சுது. மாட்_ஜேகே2ன்னு ஒண்ணு வந்து 2004ல கைவிடப்பட்டுச்சு. 2005 கடைசியில வந்த அப்பாச்சி 2.2ல ஏஜேபி உள்ளேயே கிடைச்சுது. காரணங்கள் ஒண்ணொண்ணா மாறுச்சு. நம்மாளுங்க மட்டும் மாறலை. எவனோ எப்பவோ எழுதின நாப்பது வரி கான்ஃபிக் ஃபைலை ஐபி மாத்தி ஒட்டிக்கிட்டே இருக்கோம். "ஏம்ப்பா இந்த வரி?"ன்னு கேட்டா, "போன பிராஜெக்ட்ல இருந்துச்சு"ன்னு பதில். இதுக்குப் பேரு எஞ்சினியரிங்கா? நேர்த்திக்கடன்.

எங்க பக்கத்து ஆளுங்களுக்கு ஒரு உதாரணம். விழுப்புரம் - காட்பாடி லைன் ஒரு காலத்துல மீட்டர் கேஜ். திருவண்ணாமலை, போளூர் வழியா காட்பாடி வந்தா அங்க இறங்கி சென்னை லைன் பிராட்கேஜ் வண்டியில மாறி ஏறணும். ரெண்டு தண்டவாளமும் நல்லா இருந்தாலும் சண்டை, தள்ளுமுள்ளு, தவறவிட்ட வண்டி எல்லாம் மாறி ஏறுற இடத்துலதான். வெப் சர்வருக்கும் கன்டெய்னருக்கும் நடுவுல இருக்கறது அந்தக் காட்பாடி. ரெண்டு பக்கத்தையும் தனித்தனியா படிச்சவன் ஆயிரம் பேர் இருக்கான். காட்பாடியைப் படிச்சவன் பத்து பேர் தேற மாட்டான்.

கூட்டம் அதிகம்கற சாக்கு

"ஒரே நேரத்துல எல்லாரும் வந்துட்டாங்க சார், என்ன பண்றது"ம்பாங்க. சரி, கணக்கு போடுவோம்.

டாம்கேட்ல நீங்க எதையும் தொடலைன்னா 200 த்ரெட். ஒரு வேண்டுகோளுக்கு அரை வினாடி ஆச்சுன்னா வினாடிக்கு 400 பேருக்குப் பதில் சொல்லலாம். வர்றவங்க வினாடிக்கு 100 பேர்தான். ஜம்முனு ஓடும். இப்போ டேட்டாபேஸ்ல ஒரு இன்டெக்ஸ் இல்ல, கேள்விக்குப் பதில் வர 10 வினாடி ஆகுது. அதே 200 த்ரெட், வினாடிக்கு 20 பேருக்குத்தான் பதில். கூட்டம் ஏறவே இல்ல, அதே 100 பேர்தான். ஆனா வினாடிக்கு 80 பேர் தேங்குறாங்க. டாம்கேட் 9ல மாத்தாம விட்டா 8192 இணைப்பு வரைக்கும் வாசல்ல உக்கார வச்சுக்கும். ரெண்டு நிமிஷத்துக்குள்ள அது நிரம்பிடும். கடைசியில நிக்கறவர் முறை வர 400 வினாடி, கிட்டத்தட்ட 7 நிமிஷம்.

ஆனா முன்னாடி நிக்கற என்ஜின்எக்ஸோட பொறுமை, மாத்தலைன்னா, 60 வினாடிதான். ஒரு நிமிஷம் ஆனதும் அது "சமையல்கட்டுல இருந்து பதில் இல்ல"ன்னு வாடிக்கையாளரை அனுப்பிடும். அவர் என்ன பண்ணுவார்? ரீஃப்ரெஷ் அமுக்குவார். புது ஆர்டர்! பழைய ஆர்டரை உள்ள யாரும் கேன்சல் பண்ணலை. எழுந்து போனவருக்கும் மாஸ்டர் வியர்க்க விறுவிறுக்க தோசை சுட்டுக்கிட்டே இருக்கார். பத்தே நிமிஷத்துல அடுப்புல இருக்கற அத்தனை தோசையும் யாருமே இல்லாத மேஜைக்கு. சமையல்கட்டு முழு வேகத்துல ஓடுது, சாப்பிட்டவர் எண்ணிக்கை பூஜ்யம். கவுன்டர்ல இதுக்குப் பேருதான் "சர்வர் டவுன்".

மருந்து என்ன? இன்னும் நாலு பொட்டி வாங்குறது இல்ல. உள்ள போகப் போக பொறுமையைக் குறைக்கணும்: டேட்டாபேஸுக்கு 5 வினாடின்னா, கன்டெய்னருக்கு 10, வெளிய நிக்கற வெப் சர்வருக்கு 15. வரிசையைச் சின்னதா வைக்கணும். இடம் இல்லைன்னா வாசல்லயே "இடமில்லை, பத்து நிமிஷம் கழிச்சு வாங்க"ன்னு போர்டு மாட்டணும். எச்டிடிபில அதுக்குன்னே 503 எண்ணும், எப்ப திரும்ப வரணும்னு சொல்ற ரீட்ரை-ஆஃப்டர் வரியும் இருக்கு. எத்தனை தளங்கள்ல அந்த வரியைப் பார்த்திருக்கீங்க?

எண்ணைப் படிங்கப்பா

வெள்ளைத் திரையில வர்ற மூணு இலக்க எண்ணை யாரும் மதிக்கறதில்ல. அதுதான் உண்மையான வாக்குமூலம்.

500 வந்தா: சர்வரும் இருக்கார், சமையல்கட்டும் எரியுது, பாத்திரம் கவுந்துடுச்சு. புரோகிராம்ல ஓட்டை. எழுதினவரைத் தேடுங்க.

502 அல்லது 503 வந்தா: சர்வர் இருக்கார், சமையல்கட்டுக் கதவு சாத்தியிருக்கு, இல்ல உள்ள இருந்து உளறல் வருது. கதவு சாத்தியிருந்தா என்ஜின்எக்ஸ் 502ங்கும், அப்பாச்சி 503ங்கும். டாம்கேட்டைப் பாருங்க.

504 வந்தா: சமையல்கட்டு உயிரோட இருக்கு, பதில் சொல்ல நேரம் ஆகுது. பெரும்பாலும் டேட்டாபேஸ்.

ஒண்ணுமே வராம சுத்திக்கிட்டே இருந்தா: வாசல்ல ஆளே இல்ல, இல்ல உங்க நெட்.

இதுல ஒரு கொடுமை கேளுங்க. அப்பாச்சி மாட்_பிராக்ஸில, பின்னாடி இருக்கற டாம்கேட் ஒரு தடவை கதவைத் திறக்கலைன்னா, அடுத்த 60 வினாடிக்கு அப்பாச்சி அந்தப் பக்கம் திரும்பியே பார்க்காது. மாத்தாம விட்டா அதுதான் வழக்கம். டாம்கேட் அஞ்சாவது வினாடியில எழுந்து குளிச்சு விபூதி பூசி நின்னாலும் மிச்ச 55 வினாடிக்கும் 503தான். இது தெரியாம டாம்கேட்டைத் திரும்பத் திரும்ப ரீஸ்டார்ட் பண்ற அண்ணாச்சிகள் இருக்காங்க. ஒவ்வொரு ரீஸ்டார்ட்டுக்கும் பத்தாயிரம் பேர் பாதியில நிரப்பின படிவம் போச்சு. செஷனை ஒரு டாம்கேட்டோட நினைவுல மட்டும் வச்சுட்டு, ரெண்டு டாம்கேட்டுக்கு நடுவுல ஆளை மாத்தி மாத்தி அனுப்புறது இன்னொரு கூத்து. குக்கீயில ஜேசெஷன்ஐடி கடைசியில எந்த டாம்கேட்னு ஒட்டி அனுப்ப ஜேவிஎம்ரூட்னு ஒரு வசதி எப்பவோ இருக்கு. அதைப் போடாத தளத்துலதான் ஓடிபி கொடுத்ததும் திரும்ப லாகின் பக்கம் வரும்.

ஐஆர்சிடிசி பாடம்

இதெல்லாம் ஏட்டுச் சுரைக்காய்னு நினைக்கறவங்களுக்கு நம்ம எல்லாருக்கும் தெரிஞ்ச ஒரு நிஜம். ஐஆர்சிடிசி 2002ல இணையத்துல டிக்கெட் கொடுக்க ஆரம்பிச்சுது. பழைய ஆளுங்களுக்கு அந்த முகவரி ஞாபகம் இருக்கும்: சிஜிஐ-பின், பிவி60.டிஎல்எல், கடைசியில லாகின்.டூ. அந்த ஒரே வரியில முழு ஜாதகமும் இருந்துச்சு. வெப் சர்வருக்குள்ள மாட்டின ஒரு துண்டு, அது பின்னாடி பிராட்விஷன்ங்கற அப்ளிகேஷன் சர்வர்கிட்ட தள்ளும். நம்ம அப்பாச்சி - டாம்கேட் கதைதான், வேற வேஷம். காலையில தட்கல் நேரத்துல "சர்வீஸ் அன்அவைலபிள்"னு வெள்ளைத் திரை வராத இந்தியன் இல்ல. அந்த வாசகம் 503ஓட பேரு. அதாவது சர்வர் நிக்கறார், சமையல்கட்டு திணறுது.

2014 ஏப்ரல்ல புது அமைப்பு வந்துச்சு. முகவரி ஈடிக்கெட்டிங், லாகின்ஹோம்.ஜேஎஸ்எஃப்னு மாறுச்சு. அந்த ஜேஎஸ்எஃப்ங்கற வால் ஜாவா சர்வ்லெட் உலகத்தோட முத்திரை. அந்த ஜூலை ரயில்வே பட்ஜெட்ல, நிமிஷத்துக்கு 2,000 டிக்கெட்டுங்கறது 7,200 ஆகும், ஒரே நேரத்துல 1,20,000 பேர் உள்ள இருக்கலாம்னு சொன்னாங்க. அடியில இருக்கற முன்பதிவு அமைப்பு கிரிஸ் நடத்துற அதே பழைய பிஆர்எஸ்தான். ரயிலும் கூடலை, பெர்த்தும் கூடலை. முன்னாடி இருக்கற அடுக்குகளை மாத்தினதுலயே இவ்வளவு.

எனக்கு இதைவிடப் பிடிச்சது 2015 ஜூன் 15ல செஞ்ச காரியம். ஏசி தட்கல் 10 மணி, ஏசி இல்லாததுக்கு 11 மணின்னு பிரிச்சாங்க. பைசா செலவில்ல, ஒரு கடிகாரம் போதும். கூட்டத்தை ரெண்டாப் பிரிச்சா அடுப்புக்கு மூச்சு கிடைக்கும்னு யாரோ ஒருத்தர் யோசிச்சிருக்கார். அந்த முகம் தெரியாத ஆளுக்கு ஒரு கும்பிடு. 2018ல முகப்பும் மாறுச்சு, ஜேஎஸ்எஃப் வால் கண்ணுல இருந்து போயிடுச்சு. ஐஆர்சிடிசியை இன்னிக்கும் திட்டலாம், திட்டுறதுக்கு நிறைய இருக்கு. ஆனா அது சொல்ற பாடம் ஒண்ணு: "சர்வர் டவுன்" விதி இல்ல, சரி செய்யக்கூடியது.

இதோட பரீட்சை ரிசல்ட்டை ஒப்பிட்டுப் பாருங்க. பத்தாம் வகுப்பு எழுதறவங்க வருஷத்துக்கு சுமார் 9 லட்சம். வெளியிடுற நேரம் முன்னாடியே தெரியும். மார்க் முன்னாடியே தெரியும். வெளியிட்டப்புறம் ஒரு எழுத்து மாறாது. இதுக்குத் தோசைக்கல் எதுக்குங்க? இது சுத்தமான வடை! முந்தின ராத்திரியே பதிவெண்ணும் பிறந்த தேதியும் சேர்ந்த பேருல பையனுக்கு ஒரு கோப்பா போட்டு அடுக்கிடலாம். ஒரு கோப்பு 5 கேபின்னா மொத்தம் 4.5 ஜிபி. இன்னிக்கு ஒரு நல்ல செல்போன் மெமரியிலயே அது அடங்கும். சமையல்கட்டு, டேட்டாபேஸ், த்ரெட் எதுவும் வேண்டாம், வெப் சர்வர் மட்டும் போதும். எந்த வேலை யாருடையதுன்னு பிரிக்கத் தெரிஞ்சா பாதி நோய் அங்கயே போச்சு. குழந்தைங்க மொபைலுக்கு எஸ்எம்எஸ் அனுப்புற ஏற்பாடு வந்தது நல்ல விஷயம். அதுவும் இதே தத்துவம்தான், தயாரா இருக்கறதைத் தள்ளி விடுறது.

காட்பாடியில திருடன்

வேகம் மட்டும்னா போனா போவுதுன்னு விட்டுடலாம். புரியாம ஒட்டின வரிக்கு விலை வேற மாதிரியும் வரும்.

2020 பிப்ரவரில கோஸ்ட்கேட்னு ஒரு ஓட்டை வெளியே வந்துச்சு. டாம்கேட்டோட ஏஜேபி வாசல், 8009, பல வருஷமா யாரும் கேக்காமலே திறந்து, எல்லா ஐபியிலயும் காது கொடுத்துக்கிட்டு இருந்துச்சு. ஏஜேபி முன்னாடி நிக்கற அப்பாச்சியை முழுசா நம்பும். அது சொல்றதெல்லாம் வேதம். அந்த வாசலுக்கு நேரா போய் "நான்தான் அப்பாச்சி"ன்னு சொன்னா போதும், அப்ளிகேஷனுக்குள்ள இருக்கற கோப்புகளை, பாஸ்வேர்டு இருக்கற கான்ஃபிக்கையும் சேர்த்து, எடுத்துக் கொடுத்துடும். சமையல்கட்டுப் பின்கதவைத் திறந்து போட்டு "சர்வர் டிரஸ் போட்டவன் யார் வந்தாலும் கொடு"ன்னு சொன்ன கதை. 7.0.100, 8.5.51, 9.0.31 பதிப்புகள்ல சரி பண்ணாங்க. அப்புறம்தான் ஏஜேபி வாசல் தானா திறக்காது, திறந்தாலும் உள்ளூர்லதான், ரகசியச் சொல் வேணும்னு ஆச்சு. இதுல நான் கேக்கறது ஒண்ணுதான். அந்தப் பொட்டிகள்ல எத்தனையில ஏஜேபியை நிஜமா பயன்படுத்தினாங்க? "இருந்துச்சு, விட்டுட்டோம்" கேஸ்தான் பெரும்பாலும்.

இன்னொண்ணு 2018 பிளாக் ஹேட் மாநாட்டுல ஆரஞ்ச் சாய் காட்டினது. முகவரியில ரெண்டு புள்ளி, ஒரு அரைப்புள்ளி, ஒரு சாய்கோடு. முன்னாடி நிக்கற வெப் சர்வருக்கு அது ஏதோ ஒரு ஃபோல்டர் பேரு, "போ"ன்னு விட்டுடும். டாம்கேட்டுக்கு அரைப்புள்ளிக்கு அப்புறம் வர்றது பாராமீட்டர், அதைக் கழிச்சுட்டுப் பார்த்தா "ஒரு படி மேல போ"ன்னு அர்த்தம். வாசல்காரர் தடுத்து வச்சிருந்த நிர்வாகப் பக்கம் அப்படியே திறந்துடும். ரெண்டு பேருமே அவங்கவங்க இலக்கணப்படி சரி! ஒரே வாக்கியத்தை ரெண்டு பேர் ரெண்டு விதமா படிச்சாங்க. ஆயிரம் வரி செக்யூரிட்டி கோட் எழுதினாலும் இதைப் பிடிக்காது. ரெண்டும் எப்படிச் சேர்ந்து வேலை செய்யுதுன்னு படிச்சவன்தான் பிடிப்பான்.

எதிர்க்கேள்விகள்

"இப்போ யார் சார் இதெல்லாம், ஸ்பிரிங் பூட் வந்தாச்சு"ன்னு ஒரு தம்பி சொல்வார். தம்பி, ஸ்பிரிங் பூட்ல வெப் ஸ்டார்ட்டரைச் சேர்த்தா உள்ள உக்காந்திருக்கறது அதே டாம்கேட்தான், அதே 200 த்ரெட்தான். சமையல்கட்டை டிபன் கேரியர்ல வச்சுட்டா அடுப்பு இல்லைன்னு ஆயிடுமா?

"கிளவுட்ல போட்டா தீர்ந்துச்சு" இன்னொருத்தர். கிளவுட் லோட் பேலன்சரும் முன்னாடி நிக்கற சர்வர்தான். அதுக்கும் ஒரு பொறுமை எண் இருக்கு. அதையும் நீங்க தொடலை.

"அப்போ முன்னாடி வெப் சர்வரே வேண்டாமா?" இது நல்ல கேள்வி. அலுவலகத்துக்குள்ள நாப்பது பேர் பயன்படுத்துற அப்ளிகேஷனுக்கு டாம்கேட் தனியாவே போதும். ஒண்ணுக்கு மேல கன்டெய்னர் இருந்தா, வெளியுலகம் நேரா வந்து மோதும்னா, வடை நிறைய இருந்தா, முன்னாடி ஒருத்தர் கண்டிப்பா வேணும். காரணம் சொல்லி வைங்க, காரணம் சொல்லி எடுங்க. அவ்வளவுதான் என் கட்சி.

யாரைத் திட்டணும்?

கவுன்டர்ல உக்காந்திருக்கற பொண்ணைத் திட்டாதீங்க. அவங்களுக்குத் தெரிஞ்சதைச் சொல்றாங்க.

அண்ணா பல்கலைக்கழகத்தோட 2013 பாடத்திட்டத்துல இன்டர்நெட் புரோகிராமிங்னு ஒரு பேப்பர். சர்வ்லெட், அதோட வாழ்க்கைச் சக்கரம், செஷன், குக்கீ எல்லாம் இருக்கு. கூடவே டாம்கேட் நிறுவுறதும் இருக்கு, "அப்பாச்சி டாம்கேட் வெப் சர்வர்"ங்கற பேருல. டாம்கேட் எச்டிடிபி பேசும்கறதால முழுத் தப்புன்னு சொல்ல மாட்டேன். ஆனா அந்த ஒரு வார்த்தையில காட்பாடி ஸ்டேஷனே வரைபடத்துல இருந்து காணாம போச்சு. இனிட், சர்வீஸ், டிஸ்ட்ராய்னு மூணு கட்டம் போட்டு பதினாறு மார்க் வாங்கின பையனுக்கு, 502க்கும் 504க்கும் வித்தியாசம் கேட்டா முழிக்கறான்னா தப்பு அவன் மேலயா?

அப்புறம் நாம. தொழில்நுட்பம் எழுதற பதிவர்கள். தமிழ்ல டாம்கேட் பத்தி எழுதினா எங்க முடிக்கறோம்? பிரவுசர்ல லோக்கல்ஹோஸ்ட் 8080 போட்டதும் பூனைப் படம் வரும், வாழ்த்துகள், முற்றும். பூனை வந்த இடத்துல கதை ஆரம்பிக்குது ஐயா! அந்தப் பூனைக்கு முன்னாடி பத்தாயிரம் பேர் வந்து நிக்கறப்ப என்ன ஆகும்கறதைத் தமிழ்ல எழுதினவங்க எத்தனை பேர்? கவிதைக்கும் சினிமா விமர்சனத்துக்கும் நாம போடுற சண்டையில பத்துல ஒரு பங்கு இதுக்குப் போட்டிருந்தா, ஆரணியிலயோ செங்கத்துலயோ படிக்கிற ஒரு பிள்ளைக்கு உதவியிருக்கும்.

பொட்டி தட்டுறவங்களுக்கு என் வேண்டுகோள் மூணே மூணு. உங்க கான்ஃபிக்ல இருக்கற ஒவ்வொரு எண்ணுக்கும் பக்கத்துல ஒரு வரி காரணம் எழுதுங்க. எழுத முடியலைன்னா அந்த எண் உங்களோடது இல்ல. வெளிய காட்டுற பிழைப் பக்கத்துல டாம்கேட் பதிப்பையும் ஜாவா குப்பையையும் கொட்டாம, எப்ப திரும்ப வரலாம்னு தமிழ்ல ஒரு வாக்கியம் போடுங்க. வெளியிடுறதுக்கு முன்னாடி ஒரு தடவை டாம்கேட்டை நீங்களே நிறுத்திப் பாருங்க, முன்னாடி நிக்கறவர் என்ன சொல்றார்னு உங்க கண்ணால பாருங்க.

மத்தவங்களுக்கு ஒண்ணே ஒண்ணு. அடுத்த தடவை யாராவது "சர்வர் டவுன்"னு சொன்னா, சண்டை போடாதீங்க, திரையில என்ன எண் வந்திருக்குன்னு மட்டும் கேளுங்க. எழுதி வச்சுக்கோங்க, தேதி, நேரத்தோட. புகார் மனுவுல "சர்வர் வேலை செய்யவில்லை"ன்னு எழுதினா மூணு வாரம் கழிச்சு "தற்போது சரிசெய்யப்பட்டது"ன்னு பதில் வரும். "காலை 11.20க்கு 504, 11.40க்கு 504, பிற்பகல் 3.10க்கு 504"ன்னு எழுதினா, அந்த மனு கடைசியில ஒரு எஞ்சினியர் மேஜைக்குத்தான் போய் ஆகணும். அவருக்கு அதுல இருந்து தப்பிக்க வழி இல்ல.

டிஸ்கி 1: தோசை, வடை உவமை எல்லாம் மாலை நேரப் பசியில எழுதினது. ரவா தோசைக்கு எந்த ஓட்டல்லயும் 60 வினாடி பத்தாதுன்னு எனக்கும் தெரியும் :-)

டிஸ்கி 2: "டாட் நெட்ல இந்தப் பிரச்சனையே இல்லையே"ன்னு ஆரம்பிக்கப் போற நண்பருக்கு: ஐஐஎஸ்ஸும் கெஸ்ட்ரலும் எப்படிப் பேசிக்குதுன்னு எழுதுங்க, நான் வந்து கும்முறேன்.